உப்பளத்து மேட்டில் ஒன்பது பிள்ளைகள்

கடலை முதன்முதலில் பார்த்தபோது நான் அம்மாவிடம் கேட்டது, "இதுக்குக் கலங்கல் எங்கம்மா?" என்பதுதான். எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர் ஏரி. ஏரி என்றால் கரை இருக்கும், மதகு இருக்கும், நிரம்பினால் வழிந்து ஓடக் கலங்கல் இருக்கும். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு அது வழிய இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா தலைமூட்டையை இறக்காமலே நின்று, "எனக்கு இன்னாடி தெரியும், நானும் இப்பதான பாக்கறேன்" என்றாள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருக்கும். விழுப்புரத்துப் பக்கம், காணைக்கு அப்பால் எங்கள் ஊர். அங்கே நாலாவது வரைதான் பள்ளிக்கூடம், நானும் நாலாவது வரை படித்தேன். வெள்ளைக்காரன் காலம், யுத்தம் தொடங்குவதற்கு முன்னால் வந்த ஒரு கோடை அது. அந்த வருஷம் ஏரி தை மாதத்திலேயே காய்ந்துவிட்டது. நிலம் உள்ளவர்களுக்கே வேலை இல்லை, எங்களைப் போல் கூலிக்குப் போகிறவர்களை யார் கூப்பிடுவார்கள்? மல்லாட்டைக் கொல்லையில் மற்றவர்கள் பொறுக்கி மிச்சம் விட்ட வேர்க்கடலையைக் கூடப் பொறுக்கிவிட்டோம். அந்தச் சமயத்தில்தான் மரக்காணத்து உப்பளத்துக்கு ஆள் சேர்க்க ஒரு மேஸ்திரி வந்தார். மூன்று மாதம் வேலை, குடிசை போட இடம், வாரா வாரம் கேப்பை அளந்து தருவது என்று பேச்சு.

ஆனால் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "பிள்ளைக்காரிங்க மட்டும் வாணாம்."

எங்கள் தெருவில் ஐந்து பேர் பிள்ளைக்காரிகள். அம்மா ஒருத்தி, அப்பாவின் அக்கா ஒருத்தி, மற்ற மூவரும் எனக்குச் சின்னம்மா முறை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒன்பது சின்னப் பிள்ளைகள். மேஸ்திரி வண்டியை விட்டு இறங்காமலே விளக்கினார். உப்புப் பாத்தி என்பது சும்மா மண் இல்லை. களிமண்ணைப் பத்துப் பேர் வரிசையாக நின்று நாள் கணக்கில் மிதித்து மிதித்து, சாணம் மெழுகிய தரை போல் இறுக வைப்பார்கள். அதில்தான் உப்புத் தண்ணீர் கட்டுவார்கள். பக்குவப்பட்ட பாத்தியில் ஒரு பிள்ளை ஓடினால் போதும். கால் பட்ட இடமெல்லாம் சேறு கிளம்பி உப்போடு கலந்து உப்பு கறுத்துவிடும்.

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளைங்க பாத்திப் பக்கமே வராதுங்க. ஒரு ஆளைப் போட்டுப் பாத்துக்கறோம்."

"எந்த ஆளு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உப்புக் கூடை தூக்கும் பலமும் இல்லை, தூளியில் கிடக்கும் வயதும் இல்லை. நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாராவது பேர் கேட்டால்கூட அம்மாவின் முந்தானைக்குள்தான் பதில் சொல்வேன், அப்படிப்பட்ட பெண் நான். அத்தை கையைத் தட்டிச் சிரித்தாள்.

"இந்த ஊமைக்கோட்டான் கிட்டயா? நாய் வந்து கூழ்ப்பானைய நக்குனாக்கூட சூன்னு சொல்லாதே இது. ஒம்போது பிள்ளைய எப்படி மேய்க்கும்?"

மேஸ்திரி யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாங்க. ஆனா ஒரு பிள்ளையோட ஒரு கால் தடம் பாத்தியில கண்டேன்னு வையி, பிள்ளைக்காரிங்க அஞ்சு பேரும் அன்னைக்கே திண்டிவனத்துக்கு வண்டி ஏறணும். அப்புறம் அழுதுக்கினு என் முன்னால வந்து நிக்கக் கூடாது."

விழுப்புரத்தில் ரயில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினோம். அங்கிருந்து கிழக்கே சாமான்களும் சின்னதுகளும் மாட்டு வண்டியில், பெரியவர்கள் நடை. கடைசியில் மரக்காணம் நெருங்கி, காற்றின் வாடை மாறியபோது அம்மா என்னிடம் சொன்னாள்: "ஊருக்குத் திரும்பிப் போனா அடுப்பு எரியாது, தெரியுமில்ல?" எனக்குத் தெரியும்.

நாங்கள் குடிசை போட்ட இடம் ஒரு நீண்ட மணல்மேடு. மேற்கே இறங்கினால் உப்புப் பாத்திகள். கிழக்கே இறங்கினால் கடல். மேட்டில் நாலைந்து பனைமரம், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. விடிந்ததும் பெரியவர்கள் மேற்கே இறங்கிவிடுவார்கள். கூழ்ப்பானை ஒன்றும் ஒன்பது பிள்ளைகளும் என் கணக்கில். பிள்ளைகள் கிழக்கே போனால் உயிருக்குக் கேடு, மேற்கே போனால் பிழைப்புக்குக் கேடு. நடுவில் அந்த மேடு மட்டும்.

மூன்று நாள் மேட்டிலேயே பிடித்து வைத்தேன். நாலாம் நாள் முடியவில்லை. கடல் கூப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எந்தப் பிள்ளைதான் குடிசை நிழலில் உட்காரும்? அத்தையின் மகன், ஐந்து வயது, எல்லோருக்கும் தலைவன். அவன் என் முகத்துக்கு நேராக வந்து, "நாங்க போறோம், நீ இன்னா பண்ணுவ?" என்று கேட்டான். எனக்கு அதட்டத் தெரியாது. சரி, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பானையையும் துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டு, இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியோடு கடற்கரைக்கு இறங்கினேன்.

எங்கள் ஏரியில் துணி துவைக்கப் போகிற பெண்கள் ஒரு காரியம் செய்வார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து நாலடி தள்ளி வரிசையாகக் குச்சி நட்டுவிட்டு, குச்சியைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்கள். ஏரித் தண்ணீர் நட்ட குச்சியைத் தாண்டி வருமா? நானும் அப்படியே செய்தேன். பனைமட்டையைக் கிழித்து, அலை வந்து தொட்டுப் போகும் இடத்திலிருந்து நாலடி என்ன, இருபதடி தள்ளியே நட்டேன். பிள்ளைகள் குச்சிக்கு இந்தப் பக்கம் மணலில் விளையாடின. பானையைக் குச்சி ஓரத்திலேயே வைத்தேன், ஈரமணலில் கூழ் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

உச்சிப்பொழுது தாண்டியதும் குச்சி ஒவ்வொன்றாக நனைந்தது. நான் தம்பிக்கு முதுகு சொரிந்துவிட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. திடீரென்று ஒரு அலை குச்சி, பானை, துணிமூட்டை எல்லாவற்றையும் ஒன்றாக வாரிக்கொண்டு பிள்ளைகளின் இடுப்பளவுக்கு வந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்து ஓடின. மேட்டில் ஏறின, நிற்கவில்லை, அந்தப் பக்கம் அம்மா இருக்கிற திசையைப் பார்த்து இறங்கின. எட்டுப் பிள்ளைகளும், அன்றுதான் மிதித்து முடித்திருந்த புதுப் பாத்தியின் குறுக்கே, நேராக.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என் பானையை அலையிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஏம்மே, கடலு இன்னா உங்க ஊரு ஏரியா, போட்ட எடத்துல கெடக்க? இன்னைக்குப் பௌர்ணமி, ஏறாம இன்னா பண்ணும்?" என்றாள். அதில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

பாத்தி ஓரத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். பாத்தி முழுக்க ஆட்டு மந்தை போன தடம்.

"வண்டி கட்டச் சொல்றேன்" என்றார்.

அம்மா ஒன்றும் கெஞ்சவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். அடுத்து சின்னம்மா ஒருத்தி, அப்புறம் மற்ற இருவர், கடைசியில் திட்டிக்கொண்டே அத்தை. ஐந்து பேரும் தோளோடு தோள் கோத்து நின்று மிதிக்கத் தொடங்கினார்கள். நானும் தம்பியைக் கீழே விட்டுவிட்டு வரிசையின் ஓரத்தில் சேர்ந்துகொண்டேன். குதிகாலை முதலில் வைத்து, விரலை அப்புறம் இறக்கி, ஒரு தடத்தின் மேல் பாதி மறு தடம் விழும்படி மிதிக்க வேண்டும். பொழுது இறங்குவதற்குள் பாத்தி பழையபடி ஆனது.

"இன்னொரு தடவ பாத்தேன்..." என்று மட்டும் சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

அத்தை கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம், என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "உன் பொண்ணு வாயத் தொறந்து ஒரு அதட்டு போட்டிருந்தா பிள்ளைங்க நின்னிருக்கும். சாமி வாயக் குடுத்தது எதுக்கு?"

அது உண்மைதான். அன்று படுத்தபோது நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் ஊமையாக இருந்ததில்லை. வாத்தியார் எங்களை உயரப்படி நிறுத்தி எண் சொல்லச் சொல்வார். என் முறை வந்தால் என் எண்ணைச் சொல்வேன். வாய்ப்பாடு சொன்னால் எல்லோரோடும் சேர்ந்து கத்துவேன். எல்லோரும் சொல்வதைச் சொல்ல என்ன வெட்கம்?

மறுநாள் காலையில் ஒன்பது பேரையும் மேட்டின் மேல் உயரப்படி நிறுத்தினேன். என் தம்பி ஒண்ணு. கடைசியில் நின்ற எட்டு வயதுப் பெண் ஒன்பது. அத்தை மகன் நடுவில் வந்தான், அவன் நாலு. "நான் ஏன் நாலு? நான்தான ஒண்ணு" என்று சண்டைக்கு வந்தான். "நீ ஒண்ணுன்னா தூளியில படுக்கணும்" என்று ஒன்பது சொன்னாள். நாலு அடங்கினான்.

நான் கையைத் தட்டினால் எண் சொல்ல வேண்டும் என்பது விளையாட்டு. ஒரு சங்கடம் வந்தது. ஒண்ணுக்குப் பேச்சு வராது. அவனுக்காக நான்தான் சொல்லியாக வேண்டும், அதுவும் முதலில். நான் "ஒண்ணு" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"கேக்கல!" என்றான் நாலு.

"ஒண்ணு."

"கோழி கெக்கெக்குது!" என்று சிரித்தான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "ஒண்ணு!" என்று கத்தினேன். பனைமரத்திலிருந்து ஒரு காக்கை பறந்தது. உடனே ரெண்டு, மூணு என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தி ஒன்பதில் முடித்தன. கீழே பாத்தியில் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

எண் விளையாட்டு மட்டும் போதாது, அவர்களுக்கு ஒரு வேலையும் வேண்டும். நேற்று மிதித்ததில் எனக்குக் காலில் ஒரு பாடம் ஏறியிருந்தது. "நம்மளும் ஒரு பாத்தி கட்டலாமா?" என்று ஒன்பதிடம் மெல்லக் கேட்டேன். அவள் மற்றவர்களிடம் உரக்கச் சொன்னாள்.

மேட்டின் மேல், பனை நிழல் படாத இடத்தில், ஒரு முறத்தின் அளவுக்கு மணலில் குழித்தோம். கொட்டாங்கச்சியில் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். மணல் குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினோம், மறுபடி குடித்துவிட்டது. "இது கள்ளுக்கடை மணலு" என்றான் நாலு. அவன் அப்பா வாயிலிருந்து பொறுக்கிய பேச்சு. பிறகு மேட்டடியில், பாத்திகளுக்கு எட்ட ஓடும் வாய்க்கால் ஓரத்துக் களிமண்ணைப் பிள்ளைகள் கையில் பிடி பிடியாகக் கொண்டுவந்தன. ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக் களி பரப்பி, கைகோத்து நின்று மிதித்தோம். மிதிக்கத் தாளம் வேண்டுமே, நான் வாய்ப்பாடு சொன்னேன்.

"ஈரொண்ணு ரெண்டு, ஈரெண்டு நாலு, மூரெண்டு ஆறு..."

பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் ஆறுக்கு ஒரு மிதி, எட்டுக்கு ஒரு மிதி என்று காலுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் ரெண்டாம் வாய்ப்பாடு, கூழுக்கு அப்புறம் மூணாம் வாய்ப்பாடு. கீழே வேலை செய்தவர்களுக்கு அது ஒரு காவல் மாதிரி ஆகிவிட்டது. மேட்டிலிருந்து சத்தம் வந்தால் பிள்ளைகள் மேட்டில்தான் இருக்கின்றன. சத்தம் நின்றால் தலை நிமிரும். நான் கைதட்டி எண் சொல்ல வைத்தால் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் எண்ணுக்குக் காது கொடுத்துவிட்டு மறுபடி குனிவாள்.

மிதித்து இறுகிய பிறகு அந்தப் பாத்திமேல் பிள்ளைகளுக்கு வந்த அக்கறை இருக்கிறதே, சொல்ல முடியாது. ஒருநாள் ஆறு தவறிப்போய் ஓரத்தில் கால் வைத்துவிட்டாள். "காலு! காலு!" என்று மற்ற ஏழு பேரும் பாய்ந்து அவளை அடிக்கப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் தாய்மார்களைப் பார்க்க மேற்கே இறங்கியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் தாமாகவே பாத்தி வரப்பின்மேல் ஒற்றை வரிசையில், கையை விரித்துக்கொண்டு, பல்லியைப் போல் பதுங்கிப் பதுங்கி நடந்து போயின. மேஸ்திரி எதிரே வந்தார். நாலு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாத்து வையி மேஸ்திரி" என்றான்.

எல்லாம் அப்படியே நேராகப் போய்விடவில்லை. ஒரு நாள் நான் பானையைக் கழுவிவிட்டு வந்து கைதட்டினேன். "ஒண்ணு!" என்றேன். "ரெண்டு!" "மூணு!"

அதற்கு அப்புறம் காற்றுச் சத்தம்தான்.

ஐந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள், தன் முறை வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல். கீழே பாத்தியில் அத்தை உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓடி வந்தது தெரிந்தது. நான் ஒண்ணை ஒன்பதின் கையில் திணித்துவிட்டுக் கிழக்கே பாய்ந்தேன். நாலு கடலோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றான். கையில் கொட்டாங்கச்சி. பாத்தியில் தண்ணீர் வற்றிவிட்டதே என்று தானே மொள்ளப் போயிருக்கிறான். அலை திரும்பும்போது அவன் காலடி மணலைப் பறித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். நான் முடியைப் பிடித்தேன். கையைப் பிடிக்க நேரம் இல்லை.

மேட்டில் ஏறி வந்ததும் அத்தை அவனை நாலு சாத்துச் சாத்தினாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள். முடியைப் பிடித்து இழுத்ததற்கு எனக்கும் விழும் என்று நான் ஒதுங்கினேன்.

"மூணுக்கு அப்புறம் சத்தம் வரல" என்றாள் அத்தை. மூச்சு வாங்கியது. "நாலு வரலேன்னதும் ஓடியாந்துட்டேன்டி." அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் கூழ் ஊற்றும்போது எனக்கு மட்டும் ஒரு கருவாட்டுத் துண்டு வந்தது. ஊமைக்கோட்டான் என்ற பேச்சு அன்றோடு போயிற்று.

பதினைந்து நாளோ இருபது நாளோ, கணக்கு நினைவில்லை. வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றினோம். இப்போது என்னோடு இரண்டு பேர் மட்டும்தான் கடலுக்கு இறங்கலாம், அதுவும் முறை வைத்து. ஒரு விடியற்காலை எட்டு வந்து என்னை எழுப்பினாள். "அக்கா, நம்ம பாத்தி பூத்துடிச்சு."

உண்மைதான். ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. நடுவில் மெல்லிய ஏடு. வெயில் ஏற ஏற அது மணியாகக் கட்டியது. பிள்ளைகள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தன. இரண்டு நாளில் வாரிக் குவித்தோம். மூன்று கொட்டாங்கச்சி நிறைய வந்தது. எங்கள் அம்மாக்கள் நாள் முழுக்க உப்பில் நின்றாலும் ஒரு கல் எடுத்துப் போக முடியாது. அளத்தை விட்டு வெளியே வரும்போது சேவகன் முன்னால் முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வர வேண்டும். கூழுக்கு உப்பு கடையில்தான் வாங்கினோம். இதை அம்மாக்களுக்குக் கொடுக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். சர்க்கார் அனுமதி இல்லாமல் யாரும் உப்பு எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று பார்த்து உப்பு ஆபீசர் வந்தார்.

தொப்பி, பூட்ஸ், பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஒரு டவாலி சேவகன். அதற்கும் பின்னால் மேஸ்திரி. அளத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு, மேட்டின் மேல் வெயிலில் பளபளவென்று ஒரு வெள்ளை தெரிந்திருக்கிறது. நேராக ஏறி வந்துவிட்டார்.

மேஸ்திரி என் பக்கம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "கெடுத்தியே எல்லார் குடியையும்! கள்ள உப்புக் கேசாயிடும், தெரியுமா?" என்றார். உடனே ஆபீசர் பக்கம் திரும்பிக் குரலை மாற்றிக்கொண்டார். "அறியாத பிள்ளைங்க, அய்யா. இன்னைக்கே தாய்க்காரிங்களோட சேர்த்து வண்டி ஏத்திடறேனுங்க."

கீழே ஐந்து பேரும் வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அம்மாவின் கை அவள் வாய்மேல் இருந்தது.

ஆபீசர் குவியலைப் பக்கத்தில் பார்ப்பதற்காக ஓர் அடி முன்னால் வைத்தார். பூட்ஸ் பாத்தியின்மேல் இறங்கப் போனது.

"காலு! காலு!"

எட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தின. நாலு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவருக்கு முன்னால் பாய்ந்தான். ஆபீசர் பாம்பைக் கண்டவர் போலத் துள்ளிப் பின்னால் போனார். டவாலி அவரைத் தாங்கப் போய்க் குடையை விட்டான். காற்று குடையை உருட்டிக்கொண்டு போனது, அவன் அதன் பின்னால் ஓடினான்.

"மெதிச்சா கறுத்துப்பூடும்" என்றான் நாலு, ஆபீசரைப் பார்த்து.

ஆபீசர் தூக்கின காலை எங்கே வைப்பது என்று பார்த்து, மெல்ல மணலில் வைத்தார். "யார் இதைச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

எட்டுக் கையும் என் பக்கம் நீண்டன.

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி. ஒளிந்துகொள்ள அம்மாவின் முந்தானை அங்கே இல்லை, இடுப்பில் தம்பிதான் இருந்தான். தொண்டையில் இருந்ததெல்லாம் ஓடிப்போய், நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. அது வந்துவிட்டது.

"ஒண்ணு!" என்று கத்தினேன்.

"ரெண்டு!" "மூணு!" "நாலு!" ஆபீசருக்கு முன்னால் கையை விரித்தபடியே நாலு கத்தினான். ஒன்பது வரை ஒரு பிசகு இல்லாமல் போய் முடிந்தது.

"இதென்ன, பள்ளிக்கூடமா?" என்றார் ஆபீசர்.

ஒரு தடவை திறந்த வாய் மறுபடி மூடவில்லை. நான் சொன்னேன்: "இல்லீங்க. பிள்ளைங்க கடலுக்கும் போவக் கூடாது, அளத்துக்கும் போவக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பாத்தி. இதுல கால் வெச்சா இன்னா ஆவும்னு இதுங்களுக்கு இப்பத் தெரியும். அதனால அதுலயும் வெக்காதுங்க. விக்கறதுக்கு இல்லீங்க. பாத்துக்கறதுக்கு."

என் வாழ்க்கையில் அதுவரை ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

ஆபீசர் மேஸ்திரியைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைகள் அளத்தில் கால் வைத்ததுண்டா?"

மேஸ்திரி தலைப்பாகையைச் சொரிந்தார். பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. "மொத வாரத்துல ஒரு நாளுங்க. அதுக்கப்புறம் இல்லீங்க. பெரிய ஆளுங்கதான் கவனமில்லாம மெதிச்சிடறாங்க, பிள்ளைங்க மெதிக்கறதில்ல."

"அப்புறம் எதற்கு வண்டி ஏற்றுகிறாய்?"

மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆபீசர் குவியலைக் காட்டினார். "ஆனால் இது கள்ள உப்புதான். சட்டப்படி மண்ணில் கலந்து அழிக்க வேண்டும்." பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. நாலு ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து மெல்ல முதுகுப் பக்கம் கொண்டுபோனான். ஆபீசர் அதைப் பார்த்துவிட்டார். பனை நிழலில் இருந்த பானையையும் பார்த்தார். "அதில் என்ன?"

"கூழுங்க."

"உப்புப் போட்டாச்சா?"

"இல்லீங்க."

"போட்டுவிடு. உப்பைப் பிடிக்கத்தான் எனக்குச் சட்டம் இருக்கிறது, கூழைப் பிடிக்க இல்லை." அவர் திரும்பி நின்று கடலைப் பார்த்தார். "இன்னொரு தரம் பூக்க விடக் கூடாது. பாத்தி மட்டும் இருக்கட்டும்." குடையோடு திரும்பி வந்த டவாலிக்கு என்ன நடந்தது என்று கடைசிவரை தெரியாது.

மூன்று கொட்டாங்கச்சியையும் பானையிலும், சாயங்காலத்துக்கென்று காலையிலேயே காய்ச்சி வைத்த இன்னொரு கூழ்ப்பானையிலும் கொட்டினோம். அவ்வளவு உப்பு எந்தக் கூழும் தாங்காது. சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தும் கரித்தது, கடல் உப்பு என்பதால் கசப்பு வேறு. எங்கள் குடிசைகள் மட்டுமல்ல, மேட்டில் தங்கியிருந்த எல்லோருக்கும் போயிற்று. எல்லோரும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். "கசக்குதுடி" என்றாள். பிறகு குவளையை என் பக்கம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து. என் மவன் கட்டுன பாத்தி."

அம்மா என் தலையில் ஒட்டியிருந்த களிமண்ணை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றோ மறுநாளோ, தம்பி பேச ஆரம்பித்தான். "அம்மா" என்று சொல்வதற்கு முன்னால் "ஒண்ணு" என்று சொன்னான். அது பற்றி அம்மாவுக்கு ரொம்ப நாள் குறை.

மூன்று மாதம் முடிந்து, ஆடிக் காற்று மணலை வாரி அடிக்கிறவரை நாங்கள் அங்கேயே இருந்தோம். பிள்ளைக்காரி ஒருத்திகூட வண்டி ஏறவில்லை. போகும்போது ஆளுக்கு ஒரு மூட்டை கேப்பை இருந்தது.

அடுத்த வருஷம் பங்குனியில் மேஸ்திரி மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தார். வண்டியை விட்டு இந்த முறை இறங்கினார். அம்மாவிடம், "அந்த எண்ணுப் பொண்ணு வருதா? வந்தா பிள்ளைக்காரிங்க எத்தினி பேரு வேணும்னாலும் வரலாம்" என்றார்.

அம்மா முறத்தில் கேப்பையைப் புடைத்துக்கொண்டே, "என்னை ஏன் கேக்கறீங்க? அவளையே கேளுங்க" என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வெளியே வந்தேன். முகம் சுட்டது, ஆனாலும் வந்தேன்.

"வர்றேங்க. இந்த வாட்டி பதினோரு பிள்ளைங்க."

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார். "பதினொண்ணா? சரி, வா."

என் காலுக்கு இடையில் தலையை நீட்டி, யாரும் கேட்காமலே என் தம்பி கத்தினான்: "ஒண்ணு!" அவனுக்குக் கீழே இப்போது இரண்டு பேர் வந்துவிட்டார்கள், அவன் மூணு ஆகிவிட்டான். அதை ரயிலில் போகும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போதைக்கு விட்டுவிட்டேன்.